பண்ணிப்போடலாமுங்க

திருப்பூரில் ஒரு பனியன் தயாராகிக் கப்பல் ஏறுவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. நூல் ஒருவர், நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர். பிறகு பிரிண்டிங், எம்பிராய்டரி, கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் ஊர் ஓடுவது ஜாப் ஒர்க்கில்தான். துணி ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்குப் போகும்போது கூடவே ஒரு டெலிவரி சலான் போகும். அதில் எடை இருக்கும், ரோல் கணக்கு இருக்கும், வண்டி நம்பர் இருக்கும். அந்தத் துணியை என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் பல சமயம் இருக்காது. அது போனில் சொல்லப்பட்டிருக்கும்.

ரேட் வாய்ப்பேச்சு. டெலிவரி தேதி வாய்ப்பேச்சு. 'போன தடவை மாதிரியே, ஆனா கொஞ்சம் சாஃப்ட்டா' என்பதும் வாய்ப்பேச்சு. இப்படித்தான் ஊர் வளர்ந்தது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் இங்கே சரக்குத் தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதையில் விட்டுப்போவது, வெளிநாட்டுக்காரனோடு நடப்பதெல்லாம் தாளில், உள்ளூர்க்காரனோடு நடப்பதெல்லாம் காற்றில் என்கிற விஷயம். பையர் டெலக்ஸில் கேட்டான், பிறகு ஃபேக்ஸில், பிறகு மெயிலில். ஷேட் மாறிவிட்டது, இவ்வளவு டாலர் கழிக்கிறேன் என்று அவன் கறுப்பு எழுத்தில் எழுதுவான். அந்த நஷ்டத்தைக் கீழே யாரிடம் இறக்குவது? கீழே எழுத்தே கிடையாது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க' என்பார் சாயப்பட்டறைக்காரர். 'சொன்னேன்' என்பார் எக்ஸ்போர்ட்டர். இரண்டு பேரும் பெரும்பாலும் நிஜமாகவே அப்படி நம்பித்தான் சொல்வார்கள்.

போன் பேச்சைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கருவி திருப்பூருக்குள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். 2002 முதல் பத்து வருஷம் குமரன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இன்டர்காம், இ.பி.ஏ.பி.எக்ஸ்., கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று கடை வைத்திருந்தேன். 'வாய்ஸ் லாக்கர்' என்று கேட்டு வருவார்கள். சிலர் 'போன் டேப்பு' என்பார்கள். ஒரு முதலாளி 'அந்த பொய் சொல்ல முடியாத மெஷினு' என்றார். பெயர் எதுவானாலும் சாமான் ஒன்றுதான்: தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா, ஒரு பக்கம் டெலிபோன் ஒயர், மறுபக்கம் யு.எஸ்.பி. ஒயர். நான்கு லைன், எட்டு லைன் என்றால் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே செருகும் கார்டு.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. செட்டிங் வைப்பதுதான் வேலை. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இதில் சண்டை வரும் இடமெல்லாம் அந்த செட்டிங்குகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

பழைய செம்புக் கம்பி லைனில் ரிசீவர் கீழே இருக்கையில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும். ரிசீவரை எடுத்ததும் அது எட்டு, பத்து வோல்ட்டுக்கு இறங்கும். மணி அடிக்கும்போது எழுபது எண்பது வோல்ட் மாறுமின்சாரம் மேலே ஏறி உட்காரும் (லைனைப் பிடித்துக்கொண்டு ஏணிமேல் நிற்கையில் யாராவது கூப்பிட்டால் அது நன்றாகத் தெரியும்). பதிவுக் கருவி இந்த இறக்கத்தைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். 20 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் பதிவைத் தொடங்கு, மேலே போனால் நிறுத்து என்று நாம் ஒரு எண் கொடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வரும் லைனுக்கு இந்த 20 சரி. சின்ன இ.பி.ஏ.பி.எக்ஸின் எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் அங்கே நிற்பதே 24 வோல்ட்டாக இருக்கும், அதனால் 14க்கு இறக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. லைன் அறுந்துபோனால் வோல்ட் பூஜ்யம். பூஜ்யமும் 20க்குக் கீழேதானே? ஒரு ஐப்பசி மழையில் மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனி லைன் செத்துப்போய், மெஷின் ராத்திரி முழுக்க யாரோ பேசுகிறார்கள் என்று நம்பி பதினான்கு மணி நேர இரைச்சலைச் சேமித்து வைத்திருந்தது. 3 வோல்ட்டுக்குக் கீழே என்றால் பேச்சில்லை, லைன் இல்லை என்று அதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

வோல்ட்டை நம்பாமல் சத்தத்தை நம்பும் முறையும் உண்டு. யாராவது பேச ஆரம்பித்தால் பதிவு தொடங்கும், பேச்சு நின்றால் நிற்கும். கூடவே 'மௌனத்தை நீக்கு' என்று ஒரு வசதியும் வரும். பேச்சில்லாத இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு ஃபைலைச் சின்னதாக்கும். ஹார்ட் டிஸ்க் 40 ஜி.பி. இருந்த காலம். கணக்குப் போட்டால் அந்த வசதி தேவை என்றுதான் தோன்றும். சாதாரண டெலிபோன் தரத்தில் வினாடிக்கு 8,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்.பி. எட்டு லைன், லைனுக்கு நாளைக்கு நாலு மணி நேரப் பேச்சு என்றால் ஒரு நாளைக்கே 900 எம்.பி.க்கு மேல். ஒன்றரை மாதத்தில் டிஸ்க் நிரம்பிவிடும். செல்போனில் பயன்படும் ஜி.எஸ்.எம். முறையில் சுருக்கினால் ஐந்தில் ஒரு பங்காகும், ஏழு மாதம் தாங்கும். அதனால் சுருக்கு, மௌனத்தை வெட்டு என்பார்கள் விற்பனைக்காரர்கள்.

சுருக்கினேன், வேறு வழியில்லை. ஆனால் மௌனத்தை வெட்டும் வசதியை நான் எங்குமே போட்டதில்லை. இங்கிலீஷ்காரன் எழுதிய சாஃப்ட்வேருக்கு, 'இல்லை' என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும் என்ற நினைப்பு. தமிழில் எல்லாமே கடைசியில். 'நாளைக்குச் சாயங்காலம் வண்டி அனுப்ப...' வரைக்கும் ஒன்றும் தெரியாது. 'றனுங்க' வருகிறதா, 'லீங்க' வருகிறதா, 'முடியாதுங்க' வருகிறதா என்பதில்தான் எல்லாம். அதுவும் எங்கள் பக்கத்துப் பேச்சில் கடைசிச் சொல்லை இழுத்து, குரலை இறக்கி, மரியாதையோடு கீழே வைப்பார்கள். அந்த இறங்கின குரலை மெஷின் மௌனம் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும்.

மௌனத்திலேயே பேச்சு இருக்கிறது என்பது அடுத்த விஷயம். 'அண்ணா, கிலோவுக்கு ரெண்டு ரூபா கொறச்சுக்குங்க' என்கிறார் ஒருவர். மறுமுனையில் ஏழு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு 'செரீங்க'. அந்த ஏழு வினாடியை வெட்டிவிட்டால், கேட்ட உடனே மனசார ஒப்புக்கொண்டது போலக் கேட்கும். 'பண்ணிப்போடலாமுங்க' என்பது இன்னும் சிக்கல். வெளியூர் மெர்ச்சண்டைசர்கள் அதை 'ஆகும்' என்று குறித்துக்கொண்டு பையருக்கு மெயில் போட்டுவிடுவார்கள். ஊர்க்காரனுக்குத் தெரியும், அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து மூன்று அர்த்தம். வேகமாக வந்தால் ஆகும். 'ஆங்...' என்று இழுத்துவிட்டு வந்தால் முயற்சி செய்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பேச்சை மழைக்கும் கரண்ட்டுக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து 'பண்ணிப்போடலாமுங்க' என்றால், ஆகாது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிடக் கூடாது என்கிற பண்பாடு அது. பதிவில் மூன்றும் ஒரே ஆறு அசை.

இன்னொரு கோளாறும் கருவியின் பிறவியிலேயே இருந்தது. லைனில் பக்கவாட்டில் மாட்டும்போது, பக்கத்தில் இருக்கிற போனில் பேசுகிறவர் குரல் பலமாக விழும். பல கிலோமீட்டர் கம்பியைத் தாண்டி வரும் குரல் மெலிந்து விழும். தானாகச் சத்தத்தைச் சமன்செய்யும் வசதியைப் போட்டாலும் முழுக்கச் சரியாவதில்லை. ஆக, மெஷினை வாங்கி வைத்திருக்கிற முதலாளி கணீரென்று கேட்பார். யார் சொன்ன வாக்கைப் பிடிப்பதற்காக அந்த மெஷினோ, அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்பார். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். கம்ப்யூட்டருக்கு எர்த் சரியில்லாத கம்பெனிகளில் (அப்போது பாதி அப்படித்தான்) ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரம் வேறு. நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ரீங்காரம் போகும். கிணறு போகாது.

லைனில் எந்த இடத்தில் மாட்டுவது என்பது அடுத்த கேள்வி. எக்ஸ்சேஞ்ச் லைன் பக்கம் மாட்டினால் வெளியே போகிற, வெளியிலிருந்து வருகிற பேச்சு மட்டும் பதிவாகும், கூப்பிட்டவர் நம்பரும் கிடைக்கும். அந்த நம்பரை சில எக்ஸ்சேஞ்சுகள் முதல் மணிக்கு முன்னால் டயல் ஒலிகளாக அனுப்பும், சில முதல் இரண்டு மணிகளுக்கு நடுவே மோடம் சத்தமாக அனுப்பும். எது என்று கண்டுபிடித்து செட்டிங்கில் மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பக்கம் மாட்டினால் ஆபீசுக்குள் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதும் விழும். 'உள்ளுக்குள்ள பேசறதும் வேணும் தம்பி' என்று கேட்டவர்கள் பலர். முதலில் தகராறுக்குச் சாட்சி வேண்டும் என்றுதான் வருவார்கள். மெஷின் மேஜைமேல் உட்கார்ந்ததும் ஆசை மாறிவிடும்.

ஒரு கம்பெனியில் நான் டப்பாவை மாட்டிக்கொண்டிருக்கையில் ரிசப்ஷனில் இருந்த பெண், இருபது வயதிருக்கும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, 'அண்ணா, நான் ஊட்டுக்குப் பேசறதும் இதுல வருமாங்ணா?' என்று கேட்டது.

'வரும்மா' என்றேன்.

'செரீங்ணா' என்றது. அவ்வளவுதான். அடுத்த மாதம் சர்வீஸுக்குப் போனபோது எதிரிலிருந்த டீக்கடையின் ஒரு ரூபாய் காயின் பெட்டி முன்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம். பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில். எல்லாம் அதே கம்பெனி ஐடி கார்டு.

இனி 2006இல் நடந்தது. கம்பெனி பெயரோ ஆள் பெயரோ வேண்டாம்.

எக்ஸ்போர்ட்டருக்கு நாற்பது வயது. சாயப்பட்டறைக்காரர் அறுபதைத் தொட்டவர். அவருக்கு இவர் 'தம்பி', இவருக்கு அவர் 'அண்ணா'. பல வருஷப் பழக்கம். குழந்தைகள் டீ ஷர்ட் ஆர்டர், ஒரு நீலம். புதிய கலர் என்றால் பட்டறையில் துண்டுத் துணியில் நாலு விதமாகச் சாயம் போட்டு ஏ, பி, சி, டி என்று ஒட்டி அனுப்புவார்கள். லேப் டிப் என்று பெயர். பையர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான். பையர் தேர்ந்தெடுத்தது பி. எக்ஸ்போர்ட்டர் அதைப் போனில் சொன்னார். பட்டறையில் 700 கிலோ துணி டியில் சாயமாகி வந்துவிட்டது. பியைவிட டி வெளுப்பு.

மெஷின் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனி அது. ஃபைல் இருந்தது. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு வினாடி. எக்ஸ்போர்ட்டர் முதலில் தனியாகக் கேட்டிருக்கிறார், 'பி' என்று தெளிவாகக் கேட்டிருக்கிறது. பெரியவரை வரச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். பெரியவருக்கு 'டி' என்று தெளிவாகக் கேட்டிருக்கிறது. மெர்ச்சண்டைசர், அக்கவுண்டன்ட், பெரியவரோடு வந்த டையிங் மாஸ்டர் என்று அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்து எழுத்து கேட்டிருக்கிறது. அப்புறம்தான் 'சவுண்டைக் கிளியர் பண்ணித் தர முடியுமா' என்று எனக்குப் போன்.

முடியாது. டெலிபோன் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தத்தைத்தான் கொண்டுபோகும். மனிதக் குரலை அடையாளம் காண அது போதும், சொல்லைப் புரிந்துகொள்ளப் பெரும்பாலும் போதும். ஆனால் பி, டி, ஜி, ஈ எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான், 'ஈ'. தலையில் வரும் ஒரு சின்ன வெடிப்பில்தான் வேறுபாடு. கம்பி அந்த வெடிப்பைத் தேய்க்கும், ஜி.எஸ்.எம். சுருக்கம் இன்னும் தேய்க்கும். தேய்ந்ததை எந்த சாஃப்ட்வேரும் திரும்ப வரவழைக்காது. பட்டாளத்திலும் விமானத்திலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லை வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். அன்றைக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, முழுசாக இன்னொரு முறை கேட்போம் என்றேன். அதுவரை எல்லோரும் அந்த ஒரு எழுத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள்.

எழுத்து வந்து நாற்பது வினாடிக்குப் பிறகு பெரியவர் குரல், கிணற்றுக்குள்ளிருந்து: 'அந்த வெளுப்பா இருக்குமே, அதுதானுங்க தம்பி?' கொஞ்சம் இடைவெளி. பின்னணியில் வேறொரு போன் மணியடிக்கிறது. பிறகு எக்ஸ்போர்ட்டரின் குரல், கணீரென்று: 'ம்'. அதோடு ஒட்டி, வாயை ரிசீவரிலிருந்து திருப்பிய மாதிரி, 'சொல்லுங்க மேடம்'.

மேடம் யார் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். பையிங் ஆபீஸ். அந்த 'ம்' பெரியவருக்குச் சொன்னதா, மேடத்துக்குச் சொன்னதா? எக்ஸ்போர்ட்டர் மூன்று தடவை கேட்டார். மௌனத்தை வெட்டும் வசதி போட்டிருந்தால் அந்த இடைவெளியும் போயிருக்கும், தூரத்து மணிச் சத்தமும் போயிருக்கும். வெறும் கேள்வியும் பதிலுமாகத் தெளிவாக ஒரு பொய் கிடைத்திருக்கும்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் மவுஸை நகர்த்தி வைத்தார். 'பாதி நான் ஏத்துக்கறனுங்ணா' என்றார். வெளுத்த கலரை அடர்த்தியாக்கலாம், அடர்ந்ததை வெளுக்க வைப்பதுதான் பெரும்பாடு. அந்த வகையில் அதிர்ஷ்டம். மறுசாயச் செலவு ஆளுக்குப் பாதி, தாமதத்துக்காகச் சரக்கில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்பும் செலவு எக்ஸ்போர்ட்டருடையது. பேசி முடிய கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டீ வந்தது.

பெரியவர் டீயைத் தொடவில்லை.

'இந்த மிசினு எத்தன நாளா ஓடுதுங்க தம்பி?'

'ஒரு எட்டு மாசமாச்சுங்ணா.'

அவர் மனசுக்குள் எதையோ எண்ணினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். 'அப்ப ஆடி பதினெட்டு கழிச்சு ரெண்டாம் நாளு நாம்பேசினதும் இதுக்குள்ள இருக்குமுங்களா?'

இருக்கும். 180 நாளுக்கு மேற்பட்டதைத் தானாக அழி என்று செட்டிங் வைத்திருந்தேன். ஆர்டர் எடுத்து, சரக்குப் போய், பையர் குறை சொல்லி மெயில் அனுப்ப ஐந்தாறு மாதம் ஆகிவிடும். விற்பனைக்காரர்கள் சொல்லும் 30 நாள் இந்த ஊருக்கு உதவாது. அது நடந்தது நவம்பரில். ஆகஸ்ட் பேச்சு பத்திரமாக இருந்தது.

'புள்ளைக்குச் சீரு வெக்கறதுக்கு அட்வான்சு கேட்டேன் தம்பிகிட்ட. அது இதுல இருக்க வேண்டாமுங்க.'

எக்ஸ்போர்ட்டர் தலையைத் தூக்கவே இல்லை. 'அழிச்சுருங்க' என்றார் என்னிடம்.

நம்பரையும் தேதியையும் கொடுத்தால் பட்டியல் வரும். அன்றைக்கு அவர் நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எது என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான் மவுஸைக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு அவர் கையைக் காட்டினார். 'கேக்க வேண்டாமுங்க. ரெண்டையும் எடுத்துப்போடுங்க.' இரண்டையும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னிலிருந்தும் எடுத்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, 'இனிப் பேசறப்ப இது ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க தம்பி' என்றார். குரலில் கோபமே இல்லை.

சட்டம் அவர் பக்கம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பம்பாயின் மரண விசாரணை அதிகாரியாக இருந்த மல்கானி லஞ்சம் கேட்ட வழக்கில், 1964இல் ஒரு டாக்டரின் போனில் டேப் ரெக்கார்டரை மாட்டிப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பேசுகிற இருவரில் டாக்டர் சம்மதித்திருந்தார், மல்கானிக்குத் தெரியாது. ஒருவர் சம்மதம் போதும், இது தந்திச் சட்டத்தை மீறியதாகாது, சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றமற்ற குடிமகனின் பேச்சில் முறைகேடாகத் தலையிட்டால் நீதிமன்றம் பாதுகாக்கும் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. ஆனால் எங்கள் ஊர் வக்கீல்கள் முதல் பாதியைத்தான் சொல்வார்கள். மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்பது வேறு. அதற்கு அரசாங்கத்துக்கே கட்டுப்பாடு உண்டு, 1996இல் பி.யு.சி.எல். வழக்கில் வந்த தீர்ப்பு அது. சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு 2000இல் நுழைந்தது. கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று பொறுப்பானவர் சான்று கொடுக்க வேண்டும். அது கட்டாயம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 63ஆவது பிரிவு. ஃபைலின் ஹாஷ் எண்ணையும் சான்றில் எழுத வேண்டும். சி.எம்.ஓ.எஸ். பேட்டரி செத்து, கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் தேதி ஜனவரி 1க்குத் திரும்பிய கம்ப்யூட்டர்கள் எத்தனை பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு யார் சான்று கொடுப்பது?

எப்படியும் எங்கள் தகராறுகள் கோர்ட்டுக்குப் போவதில்லை. சாயத்துணி வழக்கு முடிவதற்குள் பையர் வங்கதேசத்துக்குப் போய்விடுவான். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, மெஷின் இருப்பது மறுமுனைக்குத் தெரியுமா என்பதும், ஃபைலை யாரெல்லாம் திறக்கலாம் என்பதும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. இரண்டுமே செட்டிங்கில் இருப்பவை. பெரும்பாலான கம்பெனிகளில் பாஸ்வேர்டு '1234', அல்லது முதலாளியின் வண்டி நம்பர். 2008இல் சென்னையில் தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் போனில் பேசியது பத்திரிகையில் வந்தது. பெரிய அமளி. ஓய்வுபெற்ற நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அதைக் கசியவிட்டதாக அந்தத் துறை ஊழியர் ஒருவர் கைதாகி, பல வருஷம் கழித்து விடுதலையானார். அந்த வாரம் என் கடைக்கு மூன்று முதலாளிகள் வந்தார்கள். மூன்று பேரும் பாஸ்வேர்டு மாற்ற.

2006க்குப் பிறகு அந்தக் கம்பெனியில் நான் ஒரு மாற்றம் செய்தேன். வெளியிலிருந்து கூப்பிட்டால் இ.பி.ஏ.பி.எக்ஸ். எடுத்து, 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே இணைக்கும். பேசியது அங்கே வேலை பார்த்த ஒரு டைப்பிஸ்ட். செய்தி வாசிப்பது போல வாசித்திருந்தார்.

விளைவு நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. முதலில் நல்லது: திட்டு குறைந்தது. கட்டிங் கான்ட்ராக்டரையும் டெம்போ டிரைவரையும் வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் 'ங்க' போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். அது ஒன்றுக்காகவே அந்த அறிவிப்பை எல்லாக் கம்பெனியிலும் வைக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் உறுதியான பேச்சும் கூடவே குறைந்துவிட்டது. தேதி கேட்டால் 'பார்த்துட்டு நேர்ல வந்து சொல்றனுங்க'. ரேட் கேட்டால் 'பண்ணிப்போடலாமுங்க'. முன்பெல்லாம் மூன்றில் ஒரு அர்த்தத்துக்கு வந்துகொண்டிருந்த சொல் இப்போது எல்லாக் கேள்விக்கும் பதிலாயிற்று. பெரியவர் போன் செய்வதையே விட்டுவிட்டார். வீரபாண்டியிலிருந்து டிவிஎஸ் 50இல் வருவார், வராந்தாவில் உட்கார்ந்து ஷேட் கார்டைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார். எக்ஸ்போர்ட்டருக்கு அது கஷ்டமாக இருந்தது. 'அண்ணன் போன் பண்ண மாட்டீங்கறாரு' என்று என்னிடமே இரண்டு முறை சொன்னார். வியாபாரம் நிற்கவில்லை. பல வருஷமாக ராத்திரி பத்து மணிக்கு, துணிக்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். பெரியவருடையதும் அதில் ஒன்று, அது திரும்பத் திறக்கவில்லை. நொய்யலைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. மூடிய முதல் மாதங்களில் கம்பெனிகளின் பதிவுப் பட்டியல்கள் விசித்திரமாக இருந்தன. துணியைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்ப வழி தேடி, இதுவரை கூப்பிடாத ஊர்களின் எஸ்.டி.டி. கோடுகள்.

அடுத்த வருஷம் கடையை மூடிவிட்டு ஒரு கம்பெனியில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்தேன். லைன் செம்பிலிருந்து ஃபைபருக்குப் போனதும் 48 வோல்ட்டும் கதையாகிவிட்டது. இப்போது ஐ.பி. எக்ஸ்சேஞ்சில் பதிவு என்பது ஒரு சின்னக் கட்டம், டிக் அடித்தால் ஓடும். இடையில் கொஞ்ச காலம் ஆண்ட்ராய்டு போன்களில் ஆளாளுக்கு ரெக்கார்டர் ஆப் போட்டுக்கொண்டார்கள். அப்போது முதல்முறையாக ஜாப் ஒர்க்காரர் கையிலும் பதிவு வந்தது. எக்ஸ்போர்ட்டர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார், பவர் டேபிள்காரர் கணீரென்று பேசினார். 2022 மே மாதம் கூகுள் அந்த வழியை அடைத்தது. அதன் சொந்த டயலரில் பதிவைத் தொடங்கினால் பெண்குரல் ஒன்று இருபக்கமும் கேட்கும்படி சொல்லிவிடுகிறது.

ஆனால் ஊர் அதற்குள் வாட்ஸப் வாய்ஸ் நோட்டுக்குப் போய்விட்டது. ரேட், தேதி, ஷேட் எல்லாம் வாய்ஸ் நோட்டில். பேசுகிறவரே பதிவு செய்து அனுப்புகிறார், இரண்டு பேரிடமும் ஒரே பிரதி இருக்கிறது. இதை யாரும் பதிவு என்று நினைப்பதில்லை. தகராறு வந்தால் விரலால் மேலே தள்ளித் தேடுகிறார்கள். இடைவெளி விட்டுப் பேசுகிறவர்களை மட்டும் வேகத்தை ஒன்றரை மடங்காக்கிக் கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை.

பெரியவரின் மகன் இப்போது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையில் மேனேஜர். எங்கள் கம்பெனித் துணியும் அங்கே போகிறது. லேப் டிப்பைப் படம் எடுத்து, வட்டம் போட்டு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகும் போன் செய்வார்.

'பாம்பே பிங்ணா. டெல்லி டி இல்லீங்க. எழுதிக்கிட்டீங்களா?'